‘கடிக்குமா?’ என்று கேட்பவருக்கு நாய் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழின் சிறு விளம்பரப் பக்கத்தில், காணி விற்பனைக்கும் மணமகன் தேவைக்கும் நடுவே, ‘பெரிய ஜாதி நாய், காவலுக்கு மிகவும் சிறந்தது, இலவசம்’ என்று ஒன்று அடிக்கடி வருகிறது. கீழே ஒரு தொலைபேசி இலக்கம். வயது இல்லை, ஊசி போட்டதா என்பது இல்லை, ஏன் கொடுக்கிறார்கள் என்பதும் இல்லை. அப்படிப் போகும் நாய்கள் எங்கே போய்ச் சேருகின்றன என்பதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் நாய்ப் பிரியன் என்று ஊரில் பெயர் எடுத்தவன் அல்ல. தபால்காரனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதி என்று வேலி வேலியாகச் சைக்கிளில் போனவனுக்கு, ஒரு வளவில் யார் இருக்கிறார்கள் என்பதற்கு முன்னால் அங்கே என்ன நாய், அது கட்டியிருக்கிறதா அவிழ்த்திருக்கிறதா என்பதுதான் மனப்பாடம். கடியும் வாங்கியிருக்கிறேன். தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் அது. இப்போது கையில் போடுகிறார்கள், அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசும் இல்லை. வயிற்று ஊசி வாங்கியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். அந்த வேலையில் நான் கண்டது இது: மாமரத்தடியில் அவிழ்த்துவிட்டபடி படுத்திருக்கும் நாய் குரைக்கும், கடப்படி வரை வரும், வீட்டுக்காரர் ஒரு அதட்டல் போட்டால் திரும்பிப் போய்விடும். பகல் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் நாய்தான், சங்கிலி கழன்ற அன்றைக்கு நேரே காலுக்கு வரும். என் காலில் உள்ள தழும்புகள் எல்லாம் சங்கிலி நாய்கள் தந்தவை.

இப்போது என் வளவில் இருந்த நாயைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்த ஒரு குடும்பம் வெளிநாடு போனது. நாயை யாரோ வந்து கொண்டு போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்களாம். அந்த யாரோ வரவில்லை. பக்கத்து வீட்டார் மதிலுக்கு மேலால் சோற்றுப் பார்சல் போட்டுக்கொண்டு இருந்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர் என்னைத் தேடி வந்து, “அண்ணன், உங்களுக்குத்தானே இந்த ஊர் நாயெல்லாம் பழக்கம்” என்றார். போய்ப் பார்த்தால், நம் நாட்டில் ‘லயன் ஷெப்பர்ட்’ என்று சொல்கிறோமே, அந்தச் சடை வைத்த அல்சேஷன் கலப்பு. கடுவன். கழுத்தில் சங்கிலி அறுத்த புண். காதுக்குள் உண்ணி புளியங்கொட்டை அடுக்கியது போல. கோழித் தீன் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினோம். விலா எலும்பு எண்ணக்கூடிய அந்த நிலையிலேயே 27 கிலோ. அதன் பழைய பெயர் யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் மணி என்று கூப்பிட்டோம், இரண்டாம் நாளே திரும்பிப் பார்த்தான்.

மிருக வைத்தியர் உதட்டைத் தூக்கி முரசைப் பார்த்துவிட்டு, வெளிறிப் போயிருக்கிறது, உண்ணிக் காய்ச்சலாக இருக்கும் என்று இரத்தம் எடுத்தார். அதுதான். ஒரு மாதம் குளிசை. மருந்தெல்லாம் நாயின் நிறைக்குத்தான் கணக்கு என்பதை அப்போதுதான் என் மனைவி கவனித்தாள். ஊர்க் குட்டிக்கு அரைக் குளிசை என்றால் எங்கள் மணிக்கு இரண்டு குளிசை. பூச்சி மருந்தும் அப்படி, உண்ணிக்குக் கழுத்தில் விடும் மருந்தும் அப்படி. உடம்பு தேறிய பிறகு விசர்நாய்க்கடித் தடுப்பூசி போட்டு அட்டை எடுத்தோம், பிறகு இனி குட்டிக்கு விட முடியாதபடி நலமடித்தோம். கடைசியில் நிறுத்தபோது 36 கிலோ.

எங்களால் அவனை வைத்திருக்க முடியாது. என் மனைவிக்கு முழங்கால் வருத்தம். பூனையைக் கண்டு இந்த நாய் ஒரு இழுவை இழுத்தால் என்னாலேயே நிற்க முடியவில்லை. ஆகவே நல்ல இடம் தேடத் தொடங்கினோம். மகள் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினாள். என் போன் ஓயவில்லை. இவ்வளவு பேர் கேட்கிறார்களே, பிரச்சினை தீர்ந்தது என்று மனைவி சொன்னாள். உண்மையில் அங்கேதான் தொடங்கியது.

போன் எடுத்தவர்களில் பாதிப் பேரின் முதல் கேள்வி, “கடிக்குமா ஐயா?” பயந்து கேட்கவில்லை, கடிக்க வேண்டும் என்பதற்காகக் கேட்கிறார்கள். நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கடைக்காரர், இரவில் சாமான் அறையில் விடுவாராம், பகலில் ஆட்கள் வந்து போவதால் பின்னால் கட்டிவைப்பாராம். “சாப்பாட்டுக்குக் குறை வைக்க மாட்டேன்” என்று பெருமையாகச் சொன்னார். அதில் பொய் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மனிதரைக் காணாமல் பகலில் கட்டுண்டும் இரவில் இருட்டறையிலும் கிடக்கும் 36 கிலோ நாய் ஒரு வருடத்தில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் வேலையை இப்போது செய்யும் பொடியனின் காலை நினைத்துக்கொண்டு வேண்டாம் என்றேன். கோபித்துக்கொண்டார்.

இன்னொரு தம்பி மிகவும் மரியாதையாகக் கதைத்தார். வீட்டில் அதே ஜாதிப் பெட்டை ஒன்று இருக்கிறதாம். நலமடித்தாயிற்று என்று சொன்னதும் சரி என்று வைத்துவிட்டார். ஆகவே விளம்பரத்திலேயே அதைப் போட்டுவிடுவது நல்லது. நாயைக் குட்டி விற்கும் சாமானாகப் பார்க்கிறவர்கள் அந்த ஒரு வரியிலேயே கழன்றுவிடுவார்கள்.

என் மனதைக் குழப்பியவர் வெல்லாவெளிப் பக்கத்து விவசாயி ஒருவர். நல்ல மனிதர். பரந்த வளவு, மாட்டுப்பட்டி, வயல். பெரிய நாய்க்கு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை சொர்க்கம் என்று பட்டணத்தில் இருக்கிற எல்லோரும் நினைக்கிறோம். நானும் சம்மதிக்கும் நிலையில்தான் இருந்தேன். கதை யானைக்குப் போனது. அங்கே வேளாண்மைக் காலத்தில் யானை வராத இரவு குறைவு. ஊர் நாய்கள் யானையைக் கண்டால் தூர நின்று குரைக்கும், யானை திரும்பினால் மறைந்துவிடும்; தாய்வழியாகப் படித்த பாடம். பட்டணத்து வீட்டில் வளர்ந்த பெரிய நாய் கிட்டப் போகும், யானை துரத்தினால் காப்பாற்றச் சொல்லி எசமானிடமே ஓடிவரும், யானையும் பின்னால் வரும். இதை எனக்குச் சொன்னவர் அவரேதான். அத்தோடு யானையைத் துரத்தப் போடும் யானை வெடி. மணிக்கு தீபாவளிச் சீனவெடிக்கே நடுக்கம் பிடித்து, கட்டிலுக்குக் கீழே தலையை மட்டும் நுழைத்துக்கொண்டு கிடந்தான், உடம்பு அடங்கவில்லை. வெடிச்சத்தத்தில் பயந்து ஓடும் நாய் திசை தெரியாமல் மைல் கணக்கில் ஓடும். கடைசியில் அவரே, “அண்ணன், எனக்கு ஒரு ஊர்க் குட்டி பார்த்துத் தாங்க, இது வேண்டாம்” என்றார். ஊறணியில் ஒரு கடைக்குப் பின்னால் ஈன்றிருந்த நாயின் குட்டி ஒன்று இப்போது அவரிடம் இருக்கிறது.

கடற்கரைப் பக்கம் ஒரு பிள்ளை, கணவர் கட்டாரில், இரண்டு சின்னப் பிள்ளைகள், மாமியார். மணியைப் பார்க்க வீட்டுக்கே வந்தார்கள். பிள்ளைகள் கழுத்தைக் கட்டிக்கொண்டன, அவனும் பேசாமல் நின்றான். மாமியார் மட்டும் ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. நான் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்து மெதுவாகக் கேட்டேன். “பயமா இருக்கு மகன், நான் இரவில எழும்பி வெளியால போறனான். ஆனா புள்ளைகள் ஆசைப்படுகுதுகள்” என்றார். தாய்க்கு விருப்பம், குழந்தைகளுக்கு விருப்பம், பகலில் நாயோடு தனியே இருக்கப் போகிறவருக்குப் பயம். அங்கேயும் கொடுக்கவில்லை. வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும், குறிப்பாக வயதானவரைத் தனியே கேட்க வேண்டும். பிள்ளைகளுக்கு முன்னால் கேட்டால் அவர்கள் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

அயலையும் பார்க்க வேண்டும். இதை எழுதத் தயங்கினேன், ஆனால் நம் மாவட்டத்தில் இதைப் பேசாமல் நாய்க்கு வீடு தேட முடியாது. ஆரையம்பதியும் காத்தான்குடியும் ஒரு வீதிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம். முஸ்லிம் அயலவர் ஒருவரின் உடுப்பில் நாயின் எச்சில் பட்டால், அந்த இடத்தை ஏழு தரம், அதில் ஒரு தரம் மண் சேர்த்துக் கழுவிய பிறகுதான் அவர் தொழலாம். சுபஹுத் தொழுகைக்கு இருட்டோடு நடந்து போகிறவர் மீது, அன்பினால்தான் என்றாலும், ஒரு பெரிய நாய் பாய்ந்தால் அவருடைய காலை குழம்பிவிடும். வயலுக்கும் பட்டிக்கும் காவலாக நாய் வைத்திருக்கும் முஸ்லிம் விவசாயிகளையும் எனக்குத் தெரியும்; அவர்களுக்கு நாய் மேல் வெறுப்பு இல்லை, ஒழுங்கு இருக்கிறது. எல்லையில் இருக்கும் வீட்டுக்குப் பெரிய நாய் போகிறதென்றால் வேலியும் படலையும் இரண்டு மடங்கு சரியாக இருக்க வேண்டும், அயலவரிடம் முதலே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லிவிட்டு வளர்க்கும் வீடுகளில் சண்டை வந்து நான் கண்டதில்லை.

சாப்பாட்டுக் கணக்கைப் பலர் யோசிப்பதே இல்லை. ‘மிச்சச் சோறு போட்டால் போதும்’ என்பது ஊர் நாய்க்கே அரைகுறையாகத்தான் பொருந்தும். மணிக்கு நாளுக்கு ஒன்றரைச் சுண்டு அரிசி, அரைக் கிலோவுக்குக் குறையாமல் கோழிக் கழுத்தோ சூடை மீனோ. கிலோ அரிசி 200 ரூபாவைத் தாண்டி நிற்கும் நாட்டில் இது சும்மா இல்லை. 2022இல் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் எங்கள் பக்கத்து வீதிகளில் திடீரென்று கழுத்துப்பட்டியோடு பெரிய நாய்கள் திரியக் கண்டேன். ஆசைக்கு வாங்கியவர்கள் இரவோடு இரவாக இறக்கிவிட்டுப் போனவை அவை. ஊர் நாய்களோடு குப்பைக்குச் சண்டை பிடித்து வாழ அவற்றுக்குத் தெரியாது. இன்னொன்று, நெஞ்சு அகலமான பெரிய நாய்க்கு ஒரே நேரத்தில் வயிறு முட்டப் போட்டுவிட்டு உடனே ஓடவிடக் கூடாது. வயிறு ஊதி முறுக்கிக்கொண்டால் சில மணித்தியாலத்தில் உயிர் போய்விடும். காலையும் மாலையுமாகப் பிரித்துப் போட வேண்டும். இதை ஒருவரிடம் சொன்னபோது, “நாய்க்கு இவ்வளவு சட்டமா?” என்று சிரித்தார். சரி, அவரும் வேண்டாம்.

நம்முடைய காலநிலையும் இந்தச் சடை நாய்களுக்குச் சாதகம் இல்லை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தகரக் கூட்டுக்குள் அடைத்தால் வெந்துவிடும். மாரியில் நனைந்த சடை காயாமல் தோல் அழுகும், காதில் சீழ் வைக்கும். நிழலும் ஈரம் இல்லாத தரையும் வேண்டும். வீட்டு விறாந்தையில் படுக்க விடுகிறார்களா என்று நான் எல்லோரிடமும் கேட்டேன். வெள்ளத்தையும் கேட்டேன். வெள்ளம் வந்து பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னால் நாயை என்ன செய்வீர்கள்? பெரும்பாலானவர்கள் அதுவரை யோசித்ததில்லை. கூடக் கொண்டுபோக முடியாவிட்டால் சங்கிலியையாவது கழற்றிவிட்டுப் போங்கள் என்று சொன்னேன். 2024 நவம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இத்தனைக்கும் பிறகு மணி போன வீட்டுக்குப் பெரிய வளவு இல்லை. வந்தாறுமூலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் ஒரு தங்கச்சி. பத்துப் பேர்ச்சஸ் வருமோ தெரியாது, அதிலும் பாதி அடுப்படிக்கும் விறகுக்கும். அவர் போனில் கேட்டது, “அண்ணா, அவன் எதுக்குப் பயப்படுவான்?” என்று. அதுவரை ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை. அதிகாலை மூன்று மணிக்கு எழும்புகிறார், பகலில் வீட்டில்தான் இருக்கிறார், கணவர் ஆட்டோ ஓட்டுகிறார், மகன் உயர்தரம் படித்துவிட்டு நிற்கிறான், நல்ல கைப்பலம். வீட்டில் ஆள் இல்லாத நேரமே கிடையாது. சொந்த வீடு. முதலில் ஒரு வளர்ந்த நாயைப் பதினைந்து வயது வரை வைத்திருந்தார்கள் என்பதை அயலவர்களே சொன்னார்கள். அவர்களிடம் நான் தனியே விசாரித்தேன், அது என் பழைய தொழில் பழக்கம். வேலி மட்டும் இடுப்பளவு. கொடுப்பதற்கு முன் அதை உயர்த்தச் சொன்னேன். தகரம் வாங்கி அடித்துவிட்டுப் படம் அனுப்பினார்கள், நானும் போய் அசைத்துப் பார்த்தேன்.

உடனே விட்டுவிட்டு வரவும் இல்லை. முதலில் எங்கள் வீட்டுக்கு அவர்களை வரச் சொல்லி நடத்திப் பார்த்தோம். பிறகு ஒரு பகல் அங்கே. பிறகுதான் இரவு. நாய்களை மீட்டு வளர்ப்பவர்கள் மூன்று நாள், மூன்று கிழமை, மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: முதல் நாட்களில் திகைத்துப் போய்ச் சாப்பிடாது, சில கிழமையில் ஒழுங்கு பிடிபடும், சில மாதத்தில்தான் தன் வீடு என்று நம்பும். ஆகவே முதல் கிழமை விருந்தாளிகளைக் கூப்பிட வேண்டாம், குளிப்பாட்ட வேண்டாம், படலையைத் திறக்கும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு திறவுங்கள் என்று சொன்னேன். சரிவராவிட்டால் எந்த நேரத்திலும் என்னிடமே திருப்பித் தர வேண்டும், வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வைத்தோம். நீதிமன்றத்துக்கு அது செல்லுமோ தெரியாது, மனதுக்குச் செல்லும். இப்போது மூன்றாவது மாதம் நடக்கிறது. இடியப்பத் தட்டுக்குக் கிட்டப் போவதில்லை என்று கேள்வி. அதை மட்டும் நான் நம்பவில்லை.

சட்டத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. நாய்களைப் பதிவு செய்ய 1901ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் வந்தது. உள்ளூராட்சி சபையில் நாயைப் பதிந்த ஒருவரை நான் தபால் கொடுத்த வீதிகளில் சந்தித்ததில்லை. 1907ஆம் ஆண்டின் மிருகவதைச் சட்டம் எழுதிவைத்த உச்சத் தண்டப்பணம் 100 ரூபா; நாயைப் பட்டினி போட்டுவிட்டு விமானம் ஏறுகிறவருக்கு அது விமான நிலையத்தில் குடிக்கும் தேநீருக்கும் காணாது. தெரு நாய்களைக் கொல்வதில்லை என்று 2006இல் அரசாங்கம் எடுத்த முடிவு நல்ல முடிவுதான். ஆனால் அதன் பிறகு, வீட்டில் இருந்து தெருவுக்கு வரும் நாயைத் தடுப்பது நம் கையில்தான் இருக்கிறது. 1973இல் இந்த நாட்டில் 377 பேர் விசர்நாய்க்கடியால் இறந்தார்கள். இப்போது ஆண்டுக்கு ஒரு சில பத்துப் பேர் என்ற அளவுக்கு வந்திருக்கிறோம். தடுப்பூசி தந்த வெற்றி அது. ஊசி போடாத பெரிய நாய் ஒன்று ‘இலவசம்’ என்று கைமாறிக்கொண்டே போனால் அதன் அட்டை எங்கே, அடுத்த ஊசி எப்போது என்பதை யார் பார்ப்பார்கள்?

கிராமங்களில் நாய்களுக்கு ஊசி போட வரும் நாட்களில் ஊரே நாயோடு ஓரிடத்தில் கூடும். அந்த மேசையில் ஒரு கொப்பி வைத்து, நாய் கொடுக்க இருப்பவர், எடுக்க விரும்புபவர் என்று எழுதிக்கொண்டால் உள்ளூராட்சி சபைக்குச் செலவே இல்லை. வெளிநாடு போக இருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: விசாவுக்கு விண்ணப்பிக்கும் அன்றே நாய்க்கு இடம் தேடத் தொடங்குங்கள். பயணப்பை கட்டும் கிழமையில் தேடினால் முதலில் கேட்டவர் கையில்தான் போகும், அவர் பெரும்பாலும் ‘கடிக்குமா?’ என்று கேட்டவராகத்தான் இருப்பார்.

உங்களிடம் கேட்பது சிறிய விடயம். நாய் கொடுக்கும் விளம்பரங்களை நிறுத்த வேண்டாம், அவை தேவை. வயது, தடுப்பூசி அட்டை உண்டா, நலமடித்ததா அல்லது கருத்தடை செய்ததா, ஏன் கொடுக்கிறார்கள் என்ற நான்கையும் எழுதித் தராதவரின் விளம்பரத்தை ஏற்காதீர்கள். ‘காவலுக்குச் சிறந்தது’ என்பதை வெட்டிவிடுங்கள். விளம்பரம் இரண்டு வரி நீளும். அந்த இரண்டு வரிக்கான கட்டணத்தை அவர்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள், தருவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரன்,
நாவற்குடா, மட்டக்களப்பு.